அறுந்த ஜெபமாலையைக் கோத்து எடுப்போம்

(யூபிலி ஆண்டையொட்டி, அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் கந்தர்வக்கோட்டைப் பங்கு மக்களிடையே பொதுநிலையினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

யூபிலி ஆண்டில் பேசுவதற்குப் பெரிய பெரிய பொருள்கள் உண்டு. திருச்சபையின் வரலாறு உண்டு, மறைபரப்பு உண்டு, கல்விப் பணி உண்டு. அவற்றைப் பற்றிப் பேசத் தகுதி வாய்ந்தவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். என்னை அழைத்த பங்குத்தந்தை அவர்கள், "நீர் கையால் செய்கிற வேலையைப் பற்றியே பேசும், அது போதும்" என்றார்கள். நான் கையால் செய்கிற வேலை ஜெபமாலை கோப்பதும், அறுந்த ஜெபமாலையைச் செப்பனிடுவதும். ஜெபமாலையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று குருக்கள் உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அதை எப்படிக் கோக்க வேண்டும், அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இன்று நான் சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு மாடத்தில், மாதா சுரூபத்துக்குப் பின்னால், அல்லது பழைய பவுடர் டப்பாவுக்குள், எத்தனை அறுந்த ஜெபமாலைகள் கிடக்கின்றன? சிரிக்கிறீர்கள். ஒன்று கூட இல்லாத வீடு நம் பங்கில் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். மந்திரித்த பொருள், ஆகையால் குப்பையில் போட மனம் வராது. செப்பனிடவும் தெரியாது. "வேளாங்கண்ணிக்குப் போகும்போது புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று எடுத்து வைக்கிறோம். வேளாங்கண்ணிக்குப் போவதற்கு ஆறு மாதம் ஆகிறது. அந்த ஆறு மாதமும் மாலை ஏழு மணிக்கு ஆணியை நோக்கிப் போகும் கை வெறுங்கையாகத் திரும்புகிறது. பிறகு அந்தக் கை ஆணியைத் தேடுவதையே மறந்துவிடுகிறது. குடும்ப ஜெபம் ஒரு வீட்டில் நின்றுபோவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று இரண்டு அங்குலக் கம்பி என்று சொன்னால் நம்புவீர்களா? நான் கண்டிருக்கிறேன்.

எண்ணிக்கையும் அமைப்பும்

நாம் கையில் வைத்திருக்கும் சாதாரண மாலையை ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை என்கிறோம். மங்கள வார்த்தை ஜெபத்துக்குரிய சின்ன மணிகள் 53. பரலோக மந்திரத்துக்குரிய பெரிய மணிகள் 6. ஆக மொத்தம் 59 மணிகள். வட்டத்தில் ஐந்து பத்துகள், அவற்றுக்கு நடுவே நான்கு பெரிய மணிகள். மாதா பதக்கத்துக்குக் கீழே தொங்கும் பகுதியில் ஒரு பெரிய மணி, மூன்று சின்ன மணிகள், மறுபடியும் ஒரு பெரிய மணி, முடிவில் பாடுபட்ட சுரூபம். நீண்ட மாலையில் பதினைந்து பத்துகளும் மூன்று மணிகளும் இருப்பதால் அதை 153 மணி ஜெபமாலை என்கிறோம்.

இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? மடங்களில் சந்நியாசிகள் 150 சங்கீதங்களையும் பாடி ஜெபித்தார்கள். எழுத்தறியாத மக்கள் அதற்கு ஈடாக 150 முறை பரலோக மந்திரம் சொன்னார்கள். எண்ணிக்கை தவறாமல் இருக்கக் கூழாங்கற்களையும், முடிச்சுப் போட்ட கயிறுகளையும், கோத்த மணிகளையும் வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு மங்கள வார்த்தை ஜெபம் அந்த இடத்துக்கு வந்தது. புனித சாமிநாதரும் அவருடைய சபையினரும் இந்தப் பக்தியை ஊர் ஊராகப் பரப்பியதாக மரபு சொல்கிறது. பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் 1569ஆம் ஆண்டில் இதற்கு ஒழுங்கு வகுத்தார். 1571 அக்டோபர் 7ஆம் நாள் நடந்த லெபாந்தோ கடற்போரின் நினைவாகவே அந்த நாள் ஜெபமாலை மாதாவின் திருநாளாயிற்று. அக்டோபர் மாதம் முழுவதையும் ஜெபமாலைக்கு ஒதுக்கும் வழக்கத்தை உலகெங்கும் நிலைநாட்டியவர் பதின்மூன்றாம் சிங்கராயர். அதுபற்றிய அவருடைய முதல் நிருபம் 1883இல் வெளிவந்தது. சந்தோஷம், துக்கம், மகிமை என்ற மூன்றோடு ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்தவர் புனித இரண்டாம் அருள் சின்னப்பர். அது 2002 அக்டோபரில்.

இத்தனை மாற்றங்கள் நேர்ந்தும், கோக்கிறவனுடைய வேலை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவ இரகசியங்கள் பதினைந்திலிருந்து இருபதாயின. மணிகள் 59 ஆகவே இருக்கின்றன.

மணி கோப்பவர்களின் குலம்

ஜெபமாலை செய்வது பழங்காலத்தில் மதிப்புள்ள தொழில். பிரான்சு தேசத்துப் பாரிஸ் நகரில் 1268ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட தொழிற்சங்க விதிகளில் ஜெபமாலை மணி செய்வோருக்குத் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. எலும்பிலும் கொம்பிலும் மணி கடைபவர்கள் ஒரு சங்கம். பவளத்திலும் சிப்பியிலும் செய்பவர்கள் மற்றொரு சங்கம். அம்பரிலும் 'ஜெட்' என்ற கரிய பொருளிலும் செய்பவர்கள் இன்னொரு சங்கம். ஒரு சங்கத்தார் மற்றவருடைய பொருளைத் தொடக்கூடாது. லண்டன் நகரில் பேராலயத்துக்குப் பக்கத்தில் இவர்கள் இருந்த தெருவுக்குப் பரலோக மந்திரத்தின் லத்தீன் பெயரையே வைத்து 'பாட்டர்நோஸ்டர் ரோ' என்று அழைத்தார்கள். மணிக்கு ஆங்கிலத்தில் 'பீடு' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் ஜெபம் என்பதே. ஜெபத்தின் பெயரை மணிக்கு வைத்துவிட்டார்கள்! நம் அண்டை மலையாளத்தார் ஜெபமாலையைக் 'கொந்த' என்கிறார்கள். மணி என்று பொருள்படும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது.

நம் தமிழ்நாடும் மணித்தொழிலில் யாருக்கும் இளைத்ததன்று. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் என்ற அறிஞர் அகழ்ந்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் அங்கே கண்ணாடி மணியும் கல் மணியும் செய்தார்கள் என்பது உலகறிந்த செய்தி. கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கி மணி செய்யும் அதே பழைய முறை திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் நடந்ததை ஆராய்ச்சியாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகையால் மணியைக் கையில் எடுக்கும் தமிழன் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பாட்டன் தொழிலைத் தொடுகிறான்.

மணியை எண்ணி ஜெபிப்பதும் நமக்கு மட்டும் உரியதன்று. நம் கடைத்தெருவிலேயே 108 உருத்திராட்சம் கோத்த மாலையை வைத்து ஜெபிக்கும் பெரியவரைப் பார்க்கலாம். 99 மணியோ 33 மணியோ கொண்ட தஸ்பீஹை உருட்டும் இசுலாமியப் பெரியவரையும் பார்க்கலாம். மனிதனுடைய மனம் ஓடுகிற குதிரை. விரலில் ஒரு மணி அகப்பட்டால் அது சற்றே நிற்கிறது. எல்லா மதத்தாரும் கண்டறிந்த உண்மை இது. நம் மாலையில் நாம் எண்ணுவது நம் ஆண்டவருடைய வாழ்க்கையை. அதுதான் நமக்குரிய சிறப்பு.

நம் மண்ணில் கிடைக்கும் மணிகள்

"மணிக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கண்ணாடி மணி, மர மணி, பிளாஸ்டிக் மணி எல்லாம் கடைகளில் கிடைக்கும். எனக்குப் பிடித்தவை செடியில் விளையும் மணிகள்.

நீரோரங்களில் வளரும் புல் வகை ஒன்று உண்டு. அதன் மணியை 'யோபுவின் கண்ணீர்' என்பார்கள். சாம்பல் நிறத்தில் கண்ணீர்த் துளி போலவே பளபளப்பாக இருக்கும். அதற்குத் துளையிட வேண்டியதே இல்லை. உள்ளிருக்கும் காம்பை உருவிவிட்டால் சர்வேசுரனே போட்ட துளை தெரியும். உலகத்தில் பல நாடுகளில் ஏழைகளின் ஜெபமாலை இந்த மணியால் ஆனதே.

வீட்டுக் கொல்லையில் தண்ணீர் ஓடும் இடத்தில் நிற்கும் கல்வாழையைப் பாருங்கள். அதன் காய் வெடித்தால் உள்ளே கருப்பாக, உருண்டையாக விதை இருக்கும். துப்பாக்கி ரவை போல இருப்பதால் வெள்ளைக்காரர்கள் அதற்கு 'இந்திய ரவை' என்றே பெயர் வைத்தார்கள். காய்ந்த விதை பாறை போன்றது. துளைக்கச் சிறு துளைக்கருவி வேண்டும். துளைத்துவிட்டால் மூன்று தலைமுறைக்கு வரும்.

சந்தனம், துளசி, வேம்பு ஆகிய மரங்களிலும் மணி கடையலாம். திருநாட்டில் பெத்லகேம் ஊர்க் கைவினைஞர்கள் ஒலிவ மரத்தில் மணி கடைந்து ஜெபமாலை செய்து பிழைக்கிறார்கள். அங்கே போய்வந்தவர்கள் வீட்டில் அதைக் கண்டிருப்பீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாய்மார்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பக்கத்து வேலிகளில் படர்ந்து கிடக்கும் குந்துமணியைக் கண்டால் சிவப்பும் கருப்புமாக அழகாயிருக்கிறதே, ஒரு ஜெபமாலை கோக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அதன் தாவரப் பெயரிலேயே 'ஜெபத்துக்குரியது' என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது. உலகத்தில் பலர் அதை ஜெபமாலைக்குப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. ஆனால் குந்துமணிக்குள் இருப்பது கொடிய நஞ்சு. முழு விதையின் ஓடு கெட்டியாக இருப்பதால் நஞ்சு எளிதில் வெளிவராது. நாம் துளை போடும்போது அந்தக் காவலை நாமே உடைத்துவிடுகிறோம். குழந்தை அதை வாயில் வைத்துக் கடித்தால் உயிருக்கே ஆபத்து. 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'ஈடன் புராஜெக்ட்' என்ற பெரிய தோட்டத்தார், தாங்கள் விற்ற குந்துமணிக் கைவளையல்களையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும்படி மக்களை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. பொற்கொல்லர் தராசில் குந்துமணி இருக்கட்டும். நம் ஜெபமாலையில் வேண்டாம்.

கோக்கும் முறை

ஜெபமாலை செய்ய மூன்று வழிகள் உண்டு. முடிச்சால் செய்வது, நூலில் கோப்பது, கம்பியில் கட்டுவது.

முடிச்சு மாலைக்கு மணியே வேண்டாம். கெட்டியான நூல் கயிறு ஏறக்குறைய 20 அடி போதும். விரலில் மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே இழுத்தால் பீப்பாய் போன்ற முடிச்சு விழும். ஒரு முடிச்சு ஒரு மணி. சிறைச்சாலையில் இருப்பவர்களுக்கும், மருத்துவமனையில் படுத்திருப்பவர்களுக்கும், வெளிநாட்டில் கூலி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இது உகந்தது. அறுக்காது, ஒலிக்காது, விலையும் இல்லை.

நூல் மாலைக்கு நைலான் நூல் நல்லது. பூ கட்டும் நூல் வேண்டாம், வியர்வையில் இற்றுப்போகும். ஒவ்வொரு பெரிய மணிக்கும் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட வேண்டும். ஒரு பத்துக்குள் ஒரு மணி அகலத்துக்கு இடம் விட வேண்டும். இறுக்கிக் கோத்தால் விரல் நகர இடமிராது. சொன்ன மணி எது, சொல்லாத மணி எது என்று கைக்குத் தெரியாது. கடைசி முடிச்சின் நுனியை வெட்டிவிட்டு, எரியும் ஊதுபத்தியின் முனையால் லேசாகத் தொடுங்கள். நைலான் உருகி முடிச்சு பூட்டிக்கொள்ளும்.

கம்பி மாலைதான் அழகானது, நெடுநாள் வருவது. அதற்கு ஒரு மூக்குக் குறடு, ஓர் உருண்டை மூக்குக் குறடு, ஒரு கட்டிங் பிளேயர் ஆகிய மூன்றும் வேண்டும். கம்பி முக்கால் மில்லிமீட்டர் கனத்தில் இருக்கட்டும். 8 மில்லிமீட்டர் மணியானால், இரு பக்கமும் 10 மில்லிமீட்டர் சேர்த்து, ஒரு மணிக்கு 28 மில்லிமீட்டர் கம்பி ஆகும். 59 மணிக்குக் கணக்குப் போட்டால் இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். மணியைக் கம்பியில் நுழைத்து, வெளியே நீட்டிய பகுதியைச் செங்கோணத்தில் மடித்து, உருண்டைக் குறட்டில் சுற்றி ஒரு கண்ணி செய்ய வேண்டும். மறுபக்கக் கண்ணியை மூடுவதற்கு முன் அடுத்த மணியின் கண்ணியை அதில் மாட்ட வேண்டும். வாய் சிறிதும் திறந்திராமல் மூட வேண்டும். ஒரு தலைமயிர் நுழையும் இடைவெளி இருந்தாலும் ஒரு நாள் மாலை அந்த இடத்தில் கழன்றுவிடும். இன்னும் உறுதி வேண்டுமானால் இருமடங்கு கம்பி எடுத்து, கண்ணியின் கழுத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடியுங்கள். அது நாளடைவில் திறந்துகொள்ளாது.

பதக்கத்தில் மூன்று காதுகள் இருக்கும். மேலே இரண்டில் வட்டத்தின் இரு முனைகள், கீழே ஒன்றில் தொங்கும் பகுதி. மாதா முகமும் பாடுபட்ட சுரூபத்தின் முகமும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று கவனியுங்கள். அவசரத்தில் பலர் தவறவிடுவது இங்கேதான்.

செப்பனிடும் முறை

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஜெபமாலை எங்கே அறும்? என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் அறுந்தவை. பாடுபட்ட சுரூபத்தின் வளையம் ஒன்று. பதக்கத்தின் காது மற்றொன்று. அந்த இரண்டு இடங்களில்தான் பாரமும் இழுப்பும் அதிகம். சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் போடுவது, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டுவது, தொட்டில் குழந்தை கையில் கொடுப்பது ஆகிய மூன்றும் மாலைக்கு எமன். பித்தளைக் கம்பி வியர்வையில் பச்சை பூத்து மெலியும். வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சிறு துணிப்பையில் வைத்தால் மாலையின் ஆயுள் இருமடங்காகும்.

அறுந்துவிட்டால் பதற வேண்டாம். ஒரு தாம்பாளத்தில் துணி விரித்து அதன் மேல் மாலையை வையுங்கள். துணி இல்லாவிட்டால் மணி உருண்டோடும். சிதறியவற்றைப் பொறுக்கி எண்ணுங்கள். கண்ணி திறந்திருந்தால் அதை இருபக்கமும் அகலமாக இழுக்காதீர்கள். கதவைத் திறப்பது போலப் பக்கவாட்டில் திருப்பித் திறந்து, மாட்டியபின் அதே போலத் திருப்பி மூடுங்கள். வளையம் தேய்ந்திருந்தால் அதையே மறுபடி வளைக்காமல் புது வளையம் போடுங்கள். நூல் மாலை ஓரிடத்தில் அறுந்தால் அங்கே மட்டும் முடிச்சுப் போட்டுத் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். ஓரிடத்தில் இற்ற நூல் மற்ற இடங்களிலும் இற்றிருக்கும். முழுவதும் புது நூலில் கோத்துவிடுங்கள்.

மணி தொலைந்துபோனால்? இருக்கிற மணியை வைத்துச் சுருக்கிக் கட்டாதீர்கள். ஒன்பது மணியுள்ள பத்து, பத்தாகாது. அதே நிற மணி கிடைக்கவில்லையா? வேறு நிறத்தில் ஒன்று போடுங்கள். அது குறையில்லை. ஒரு முறை வயதான அப்பாயி ஒருவர் வெள்ளை மணி மாலை ஒன்றைக் கொண்டுவந்தார். நாலாம் பத்தில் ஒரு மணி இல்லை. "எத்தனை நாளாய் இப்படி?" என்று கேட்டேன். "அது ஆச்சு அஞ்சாறு வருசம். மணி இல்லாட்டி என்ன தம்பி, கட்டை விரலு இருக்குல்ல" என்றார். இல்லாத மணிக்குக் கட்டை விரலை மடக்கி அத்தனை ஆண்டும் சொல்லியிருக்கிறார்! என்னிடம் அப்போது வெள்ளை மணி இல்லை. ஒரு நீல மணிதான் இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் கோவில் வாசலில் பார்த்தபோது அவர் சொன்னார்: "அந்த நீல மணி வரும்போது, செத்துப்போன என் மகனை நெனச்சுக்குவேன்." எந்தக் கடையிலும் அப்படிப்பட்ட ஜெபமாலையை விற்க முடியாது.

வேலை முடிந்ததும் சரிபார்க்க வேண்டும். கண்ணால் எண்ணினால் தப்பும். ஒரே நல்ல வழி, உட்கார்ந்து அந்த மாலையால் ஒரு ஜெபமாலை சொல்லிப் பார்ப்பதுதான். யாருடைய மாலையோ அவர்களுக்காகவே அதைச் சொல்லுங்கள். அந்த ஜெபமே கூலி.

மந்திரித்த மாலை

பலருக்கு ஓர் அச்சம் உண்டு: "மந்திரித்த ஜெபமாலையைப் பிரித்துக் கோத்தால் மந்திரிப்புப் போய்விடாதா?" போகாது. மந்திரித்த பொருளுக்குரிய ஞானப் பலன், அந்தப் பொருள் முற்றிலும் அழிந்தாலோ, விற்கப்பட்டாலோ மட்டுமே நீங்கும் என்று திருச்சபை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நூல் மாற்றினாலும் சில மணிகள் மாற்றினாலும் அது அதே ஜெபமாலைதான். எல்லா மணிகளையும் ஒரேயடியாக மாற்றினால் அது புது மாலை. குருவானவரிடம் கொடுத்து மந்திரித்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். மந்திரித்த பிறகு விற்கக் கூடாது. முதலில் வாங்கிக்கொண்டு பிறகு மந்திரிக்க வேண்டும். அன்பளிப்பாகக் கொடுக்கலாம். செப்பனிடுகிறவர் கம்பிக்கும் உழைப்புக்கும் கூலி வாங்குவதில் தவறில்லை. மந்திரிப்புக்கு விலை வைப்பதுதான் தவறு. செப்பனிடவே முடியாதபடி நொறுங்கிப்போன மாலையைச் சாக்கடையிலும் குப்பையிலும் போடாமல், எரித்தோ மண்ணில் புதைத்தோ மரியாதையாக முடித்துவிட வேண்டும்.

ஜெபமாலை நகையா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் முன்னோர்கள் கழுத்தில் அணிந்தார்கள். தாங்கள் யார் என்பதை ஊரறியச் சொல்வதற்காக அணிந்தார்கள். பக்தியோடு அணிவதில் குற்றமில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் பிரிவு, மந்திரித்த பொருட்களை மரியாதையோடு நடத்த வேண்டும், தகாத உபயோகத்துக்குக் கொண்டுவரலாகாது என்கிறது. அவை சொந்தப் பொருளானாலும் அப்படித்தான். தங்கத்தில் ஜெபமாலை செய்து பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு என் வேண்டுகோள்: வாரம் ஒரு முறையாவது அதை வெளியே எடுத்துச் சொல்லுங்கள். பூட்டி வைத்தால் அது நகை, சொன்னால்தான் ஜெபமாலை.

இருட்டில் உதவும் பொருள்

புனித சவேரியார் 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தாமே போக முடியாத வீடுகளுக்குச் சிறுவர்களிடம் தம் ஜெபமாலையைக் கொடுத்து நோயாளிகளிடம் அனுப்பினார் என்று அவருடைய வரலாற்றில் படிக்கிறோம். ஒரு குரு போக முடியாத இடத்துக்கு ஜெபமாலை போனது.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அடித்ததை யார் மறக்க முடியும்? நம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. மண்ணெண்ணெய் விளக்குக்கும் வழியில்லாத வீடுகள் இருந்தன. அந்த இருட்டில் ஜெபப் புத்தகத்தைப் படிக்க முடியாது. செல்பேசியில் மின்னேற்றம் இல்லை. விரல் நுனியில் எண்ணக்கூடிய ஜெபமாலை ஒன்றே இருட்டிலும் வேலை செய்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கோவில் கதவுகள் மூடிக்கிடந்தபோது ஒவ்வொரு வீட்டையும் கோவிலாக்கியதும் அதுவே. ஆபத்து வரும்போது அறுந்த மாலையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இப்போதே செப்பனிட்டு வைக்க வேண்டும்.

இத்தாலி தேசத்துப் பொம்பேயி நகரில் பெரிய ஜெபமாலை மாதா ஆலயம் இருக்கிறது. அதைக் கட்டியவர் பார்த்தொலோ லோங்கோ என்ற வழக்கறிஞர், பொதுநிலையினர். அங்கிருந்த ஏழைக் குடியானவர்களுக்கு ஜெபமாலை கற்றுக்கொடுக்க அவருக்கு ஒரு மாதா படம் தேவைப்பட்டது. கிடைத்ததோ பூச்சி அரித்து, கிழிந்து, சாயம் உதிர்ந்த ஒரு பழைய படம். 1875 நவம்பர் 13ஆம் நாள் அது எரு ஏற்றிய வண்டியில் வைத்து அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. அவர் அதை எறியவில்லை. ஓவியரைக் கொண்டு செப்பனிட்டார். அந்தப் படத்தின் முன்தான் இன்று கணக்கற்ற மக்கள் முழந்தாட்படியிடுகிறார்கள். லோங்கோவைப் பாப்பரசர் பதினான்காம் சிங்கராயர் 2025 அக்டோபர் 19ஆம் நாள் புனிதராக உயர்த்தினார். செப்பனிடப்பட்ட பொருளால் சர்வேசுரன் என்ன செய்ய வல்லவர் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் சவேரியார் சபையைச் சேர்ந்த சில்வன் மாட்டிங்லி என்ற சகோதரர் 1949ஆம் ஆண்டில் சாதாரண மக்களைச் சேர்த்துக்கொண்டு ஜெபமாலை கோக்கத் தொடங்கினார். வீட்டில் இருந்தபடியே தாய்மார்களும் முதியவர்களும் கோத்து, உலகமெங்கும் மறைபரப்பு நாடுகளுக்கு இலவசமாக அனுப்பினார்கள். ஓய்வு நேரமும், ஒரு குறடும், கொஞ்சம் பொறுமையும்தான் அவர்களுடைய மூலதனம். இவை மூன்றும் நம் பங்கில் இல்லையா?

யூபிலிக்கு ஒரு காணிக்கை

ஆகவே பங்கு மக்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன்.

ஒன்று: இன்று இரவு வீட்டுக்குப் போனதும் மாடத்தையும் பெட்டியையும் திறந்து, அறுந்த ஜெபமாலைகளையெல்லாம் எடுங்கள். இறந்துபோன தாய் தந்தையர் வைத்திருந்தவை அவற்றில் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, பெயர் எழுதி, சனிக்கிழமை மாலை கோவிலுக்குக் கொண்டுவாருங்கள். உதிர்ந்த மணிகளையும் கொண்டுவாருங்கள். ஒற்றை மணியானாலும் வேறொரு மாலைக்கு உதவும்.

இரண்டு: ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர், ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும், இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வாருங்கள். நான்கு சனிக்கிழமைகள் போதும். குறடும் கம்பியும் நான் தருகிறேன். மாலைக் கண் தெரியாத பாட்டிக்குப் பேத்தி கண்ணாக இருக்கட்டும். பொறுமை இல்லாத பேத்திக்குப் பாட்டி பொறுமையாக இருக்கட்டும்.

மூன்று: யார் வீட்டு மாலை என்று தெரியாமல் மிஞ்சுகிற மணிகளைக் கொண்டு புது மாலைகள் கோத்து, மந்திரித்து, நோயாளிகளுக்கும் வெளியூருக்குப் பிழைக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். நம் பங்கிலிருந்து திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ புறப்படும் எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு போக வேண்டாம்.

யூபிலிக்குக் கோபுரம் எழுப்புகிறோம், கொடிமரம் நாட்டுகிறோம், மலர் வெளியிடுகிறோம். எல்லாம் நல்லதே. அவற்றோடு, இந்த ஆண்டு முடிவதற்குள் நம் பங்கில் அறுந்த ஜெபமாலை ஒன்று கூட இல்லை என்ற நிலையையும் மாதாவின் பாதத்தில் காணிக்கையாக வைப்போம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோவில் திண்ணையில் தாம்பாளத்தோடு காத்திருப்பேன்.

ஜெபமாலை மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். மரியே வாழ்க!